ஃபிரீசர் பெரிப் பழமும் செங்கண்மாரியும்: ஒரு மாதம் கழித்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உல்லை ஜூஸ்காரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

அறுகம்பேயில் சீசனுக்கு ஒரு சின்ன ஜூஸ் கடை போடுகிறேன். அலைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குக் காலையில் ஸ்மூதி பவுல் இல்லாமல் முடியாது. வாழைப்பழத்தை அடித்துக் கோப்பையில் ஊற்றி, மேலே ஃபிரீசர் பெரிப் பழமும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் தூவிக் கொடுப்போம். நுவரெலியா ஸ்ட்ரோபெரி இங்கே வந்து சேருமுன் கூழாகிவிடும். அதனால் வெளிநாட்டுக் கலவைப் பெரிதான். கொழும்பு ஆள் ஒருவர் ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவார், ஒரு கிலோ பக்கெட்டுகள்.

விஷயம் இதுதான். சீசனில் வந்து தங்கிப்போன ஒரு ஜெர்மன்காரி போன வாரம் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தா. ஊருக்குப் போன பிறகு அவவுக்குச் செங்கண்மாரியாம். ஹெப்பட்டைட்டிஸ் ஏ என்ற ஈரல் வைரஸ் என்று இரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது. அங்குள்ள சுகாதார ஒபிஸிலிருந்து போன் எடுத்து, எங்கே என்ன சாப்பிட்டாய் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். கடைசியில் என்னிடம், "உங்கள் கடைப் பெரிப் பக்கெட்டின் பெயரும் லொட் நம்பரும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்) கிடைக்குமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறா. குற்றம் சொல்லவில்லை.

எனக்குத்தான் தலை சுற்றுகிறது. அவ என் கடையில் சாப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது. எனக்குத் தெரிய இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. கல்லு மாதிரி உறைந்து கிடக்கும் பழத்தில் கிருமி இருக்குமா? இருந்தாலும், இத்தனை நாளுக்குப் பிறகு அங்கே இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதே பெட்டியில் வந்த பக்கெட் இன்னும் ஃபிரீசரில் இருக்கிறது. மச்சான் வீசச் சொல்கிறார், வீட்டில் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) காட்டச் சொல்கிறா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாழைச்சேனைப் பொடியன்:

காக்கா, ஐஸுக்குள் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? அவ எங்கேயாவது றோட்டுக் கடையில் தண்ணி குடிச்சிருப்பா. பதில் போடாதீங்க, பக்கெட்டை வீசிட்டு வேலையைப் பாருங்க.

மாமாங்கத்தடி:

அந்த மனுசிக்குக் கீழ்காய்நெல்லி அரைத்து மோரில் குடிக்கச் சொல்லுங்க. எங்கட அம்மம்மா எத்தனை பேருக்கு மாத்தினவ.

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ., படுவான்கரை:

தம்பி, முதலில் பக்கெட்டை வீச வேண்டாம். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வாழைச்சேனைத் தம்பிக்கு: மீனை ஐஸில் போடுவது எதற்கு? கெடாமல் இருக்கத்தானே. வைரஸும் அப்படித்தான், ஃபிரீசரில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பழத்துக்குள் அது பெருகாது, பெருக மனித உடம்பு வேண்டும். ஆனால் போனது போனபடியே இருக்கும், ஆளை விழுத்த மிகக் கொஞ்சம் போதும். கீழ்காய்நெல்லி அன்பருக்கு: இந்த வகைச் செங்கண்மாரி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் தானாகவே மாறும். பெயர் மட்டும் கீழ்காய்நெல்லிக்குப் போகும். உங்கள் அம்மம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்த வைரஸ் மனித மலத்திலிருந்துதான் வர வேண்டும். தோட்டத்துக்குப் பாய்ச்சும் தண்ணீரிலோ, மருந்து கலக்கும் தண்ணீரிலோ, பறிக்கிறவரின் கையிலோ இருந்து பழத்தில் ஏறும். ராஸ்பெரி போன்ற பழத்தைத் தேய்த்துக் கழுவ முடியாது, நசிந்துவிடும். கையால் பறித்து உடனே உறைய வைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். சாப்பிடுகிறவரும் சமைப்பதில்லை. தோட்டத்திலிருந்து வாய் வரைக்கும் நெருப்பைக் காணாத சாமான் அது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. இது என் பழைய தொழில், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ் என்ற வேறொரு வைரஸ் என்றால் இன்று சாப்பிட்டவன் நாளைக்கோ மறுநாளோ வாந்தி எடுப்பான். பிடிப்பது சுலபம். 2012-இல் ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் 5 மாநிலங்களில் பள்ளிக்கூடம், பாலர் பாடசாலைப் பிள்ளைகள் என்று ஏறத்தாழ 11,000 பேர் வாந்தியும் வயிற்றோட்டமுமாய்ப் படுத்தார்கள். சமையல் கூடங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது சீனாவிலிருந்து வந்த உறைந்த ஸ்ட்ரோபெரியில் போய் முட்டியது. எல்லோரும் ஒரே சாப்பாடு, ஒரே கிழமை. வேலை சுறுக்காய் முடிந்தது.

ஹெப்பட்டைட்டிஸ் ஏ அப்படி இல்லை. உள்ளே போய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள், சராசரி 28. ஒரு மாதத்துக்கு முந்திய காலைச் சாப்பாட்டை யார் நினைவில் வைத்திருக்கிறார்? நோயாளியிடம் போய் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் "சோறுதான்" என்பார். அது பதில் இல்லை. நான் எப்போதும் திருவிழாவைப் பிடித்துத்தான் கேட்பேன். "மாமாங்கத் தீர்த்தத்துக்கு முன்னா, பின்னா? அப்போ வீட்டுக்கு யார் வந்தாங்க? வழியில் என்ன வாங்கினீங்க?" அப்படிக் கேட்டால் மனிதர் தானாகவே அந்த நாளுக்குப் போய்விடுவார்.

ஒருமுறை படுவான்கரையில் சில பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கண் மஞ்சளித்தது. ஊர் வேறு, கிணறு வேறு, பள்ளிக்கூடமும் வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து எச்-544 அறிவித்தல் அட்டை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸுக்கு வரும், அதை எடுத்துக்கொண்டு நாங்கள் வீடு வீடாகப் போவோம். கிணற்றுத் தண்ணீர் மாதிரியும் எடுத்தாயிற்று. ஒரு தாய் பேச்சோடு பேச்சாக, "சனிக்கிழமையில் மட்டும் டியூட்டரிக்குப் போவான், வரும்போது நாக்கெல்லாம் சிவப்பு" என்றா. டியூட்டரி வாசலில் ஐஸ்பழ வண்டி. மாஸ்டரிடம் காசுக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். எந்த மாதம் எந்தப் பிள்ளை காசு கட்டியது என்று வரி வரியாக எழுதி வைத்திருந்தார். மஞ்சளித்த பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் ரிப்போட்டை விட அந்தக் கொப்பிதான் உதவியது.

வெளிநாட்டிலும் இதே கதைதான், கொப்பிதான் பெரிது. 2013-இல் அமெரிக்காவில் 10 மாநிலங்களில் 165 பேருக்கு ஹெப்பட்டைட்டிஸ் ஏ. எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுப் போனதில் ஓர் உறைந்த பெரிக் கலவையில் போய் நின்றது. கொஸ்ட்கோ என்ற பெரிய கடையில் விற்றது. அங்கே அங்கத்துவ அட்டை இல்லாமல் சாமான் வாங்க முடியாது என்பதால், யார் எப்போது வாங்கினார் என்பது கடைக் கணக்கில் கிடந்தது. அந்தக் கணக்கிலேயே 113 பேர் அகப்பட்டார்கள். 40 பேரின் ஃபிரீசரில் பக்கெட் அப்படியே இருந்தது. இன்னும் ஒன்று, இந்த வைரஸைச் சாப்பிட்டு 14 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. கணக்கு இருந்ததால்தான் வாங்கியவர்களுக்கு அறிவித்து ஊசி போட முடிந்தது.

பிறகு பக்கெட்டைப் பிரித்தார்கள். பெரி ஒரு நாட்டில் விளைந்தது, இன்னொன்று வேறு நாட்டில். நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த வைரஸ் 1பி என்ற வகை. அமெரிக்கப் பக்கம் அது அரிது, துருக்கியில் சாதாரணம். கலவைக்குள் துருக்கியிலிருந்து வந்த மாதுளம் முத்து இருந்தது. முடிச்சு அவிழ்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கலவைப் பழத்தைச் சோதித்துப் பார்த்ததில் வைரஸ் அகப்படவே இல்லை! ஆளும் பில்லும் வைரஸின் வகையும் சேர்ந்து சொன்ன சாட்சியில்தான் பிடித்தார்கள். பழத்துக்குள் வைரஸைத் தேடிக் கண்டுபிடிப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பில்லைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

எல்லா இடத்திலும் முடிச்சு இப்படி அழகாக அவிழாது. அதே 2013-இல் இத்தாலியில் தொடங்கிய ஹெப்பட்டைட்டிஸ் ஏ, அடுத்த வருடம் வரைக்கும் இழுத்து 12 நாடுகளில் 1,400 பேருக்கு மேல் போனது. பல்கேரியா பிளாக்பெரி, போலந்து ரெட்கரண்ட் இரண்டும்தான் அதிகம் அகப்பட்டன. ஆனால் பழம் கை மாறிக் கை மாறி, கலந்து கலந்து விற்கப்பட்டதால் இந்தத் தோட்டம்தான் என்று ஓர் இடத்தில் விரலை வைக்க முடியவில்லை.

ஆகவே அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. உங்களை மாட்டிவிடக் கேட்கவில்லை. அவவின் பட்டியலில் ஒரு வரியை நிரப்பக் கேட்கிறா. பக்கெட்டின் இரண்டு பக்கமும், லொட் நம்பரும், கொழும்புப் பில்லும் படம் எடுத்து அனுப்புங்கள்.

அதோடு, குற்றம் பெரியின் மேல்தான் என்று நீங்களும் நம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் செங்கண்மாரி வழக்கமாகத் தண்ணீர், மலசலகூடம், கை இந்த மூன்றில்தான் வரும். 2009-இல் வவுனியா முகாம்களில் பரவியதும் அப்படித்தான். சீசனில் வந்தவ உங்கள் கடையில் மட்டுமா சாப்பிட்டிருப்பா?

மைக்ரோ லேப், அக்கரைப்பற்று:

பி.எச்.ஐ. சேர் சொன்னது முழுவதும் சரி. வெளிநாட்டில் ஓர் உணவு ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவள் என்பதால், பழத்தில் ஏன் அகப்படுவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பக்டீரியா என்றால் தட்டில் வளர்த்துப் பார்க்கலாம். இது வளராது. ஐ.எஸ்.ஓ. 15216 என்ற முறைப்படி 25 கிராம் பழத்தை எடுத்து, காரத் தன்மையுள்ள கரைசலில் அலசி, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வைரஸைக் கழற்ற வேண்டும். பழத்தை நசிக்கக் கூடாது. நசிந்தால் புளிப்பும் பெக்டினும் வெளியே வந்து எல்லாம் ஜாம் ஆகிவிடும். அதற்கென்றே பெக்டினைக் கரைக்கும் நொதி ஒன்றும் போடுவோம். பிறகு சுழற்றி, அடியில் படிவதை எடுத்து பி.சி.ஆர். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர்.தான். பிளாக்பெரி, மாதுளை போன்றவற்றின் சாயம் அந்த வேலையையே குழப்பும். இடையில் எவ்வளவு தொலைந்தது என்று பார்க்க, ஆளுக்கு நோய் தராத மெங்கோவைரஸை நாங்களே அளவாக ஊற்றிவிட்டுக் கடைசியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்போம். சில நாள் வருவதைப் பார்த்தால் அழுகை வரும்.

பக்கெட்டில் இருப்பது ஒரு கிலோ, நாம் பார்ப்பது 25 கிராம். வைரஸ் எல்லாப் பழத்திலும் சமமாகப் பரவியிருக்காது. அதனால் நெகட்டிவ் வந்தால் பழம் சுத்தம் என்று அர்த்தமில்லை. பொசிட்டிவ் வந்தாலும் அந்த வைரஸ் இன்னும் ஆளைப் பிடிக்கும் நிலையில் இருக்கிறதா என்று பி.சி.ஆர். சொல்லாது.

அந்தப் பெண்ணின் இரத்தத்தில் உள்ள வைரஸின் மரபணு வரிசைதான் அதைவிடப் பெரிய சாட்சி. ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் ஹாவ்நெட் என்ற வலையமைப்பில் வரிசைகளைப் பகிர்ந்து ஒப்பிடுகின்றன. இலங்கைப் பக்கமே வராத ஒருவரின் வரிசையோடு இவருடையது ஒத்துப்போனால், இருவரும் சாப்பிட்ட பொதுவான சாமான் எது என்று தேடுவார்கள். இந்தியாவில் அதிகம் காணப்படும் 3ஏ வகையாக இருந்தால், இந்தப் பக்கத்துத் தண்ணீரையும் கைகளையும்தான் முதலில் சந்தேகிப்பார்கள். முடிவு சொல்லாது, திசை காட்டும்.

உல்லை ஜூஸ்காரன்:

சேர், தங்கச்சி, இருவருக்கும் ஜஸாக்கல்லாஹ். மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன், முகம் சுருங்கிப்போனார்.

பக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய பெரிய பழப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் "ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் விளைச்சல்" என்று மட்டும் இருக்கிறது, எந்த நாடு என்று இல்லை. லொட் நம்பர் ஒட்டு மடிப்பில் அடித்திருக்கிறது. ஈரத்தில் பாதி அழிந்து, டோர்ச் அடித்துச் சரித்துப் பார்த்தால்தான் கடைசி நான்கு இலக்கம் தெரிகிறது. ஒரு பக்கெட்டில் அழிந்த இடம் மற்றப் பக்கெட்டில் தெளிவாக இருந்ததால் இரண்டையும் சேர்த்து வாசித்துவிட்டேன். கொழும்புப் பில்லிலோ "மிக்ஸ் பெரி, 1 கி." என்பதோடு சரி, லொட் நம்பர் கிடையாது. திகதி மட்டும் இருக்கிறது.

இனிமேல் பழத்தை என்ன செய்து கொடுப்பது? வெந்நீரில் ஒருதரம் போட்டு எடுத்தால் போதுமா? தேசிக்காய்ப் புளி ஊற்றினால்? பிளெண்டரில் அடிப்பதுதானே, அதில் சாகாதா?

ஓய்வுபெற்ற பி.எச்.ஐ., படுவான்கரை:

திகதி போதும் தம்பி. கொழும்பு ஆளிடம் அந்தத் திகதிக்குரிய இறக்குமதிப் பெட்டியின் நம்பர் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டியது அதிகாரிகளின் வேலை. இனி வாங்கும்போது பில்லில் லொட் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பிளெண்டரில் வைரஸ் சாகாது, ஒரு பழத்தில் இருந்தது கோப்பை முழுவதும் பரவும், அவ்வளவுதான். தேசிக்காய்ப் புளிக்கும் அசையாது. வெந்நீரில் முக்கி எடுத்தால் மேலே சுடும், உள்ளே ஐஸ் அப்படியே இருக்கும். பழத்தின் நடுவிலும் 85 பாகை சூடு ஏறி ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பேச்சு வழக்கில் சொன்னால், சட்டியில் போட்டு, நடுவில் குமிழி வரக் கொதித்து, ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கொஞ்சம் சீனி போட்டுக் காய்ச்சினால் பாணி மாதிரி வரும். ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் கோப்பைக்கு மேலே ஊற்றுங்கள். முழுப் பழம்போல் படத்துக்கு அழகாக இராது. அதற்கு நம் ஊர் மாம்பழம், அன்னாசி, பப்பாசி இருக்கிறது, நீங்களே கழுவித் தோல் சீவுகிறீர்கள். இரண்டு ரூபா கூடக் கேட்டாலும் வெள்ளைக்காரர் கொடுப்பார்.

நியூசிலாந்தில் அரசாங்கமே உறைந்த பெரியைக் கொதிக்கவைத்துச் சாப்பிடச் சொல்கிறது. அவுஸ்திரேலியாவில் 2015-இல் சீனப் பெரியில் ஒருமுறை, 2018-இல் எகிப்து மாதுளம் முத்தில் ஒருமுறை என்று பட்டுவிட்டார்கள். இரண்டாவதில் ஓர் உயிரே போனது. அதனால் இந்தச் சூட்டுக் கதையைக் கிழவனின் பயம் என்று எடுக்க வேண்டாம்.

அப்புறம் கடைப் பொடியன்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் யாருக்காவது காய்ச்சல், சாப்பாடு வேண்டாமை, மூத்திரம் தேயிலைச் சாயம் போல் போனது உண்டா? கண் மஞ்சளிக்கும் முன்பே இரண்டு கிழமைக்கு அவன் மலத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். அவனுக்கே தெரியாது. பழத்தை அள்ளுவது கரண்டியாலா, கையாலா? கைக்குச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வையுங்கள். சானிட்டைசர் போத்தலை நம்ப வேண்டாம், இந்த வைரஸுக்கு அது போதாது.

பொத்துவில் எம்.ஓ.எச். ஒபிஸுக்கு நீங்களாகவே போங்கள். மாவட்டம் அம்பாறை என்றாலும் சுகாதாரத்துக்கு நீங்கள் கல்முனைப் பிராந்தியம், அதனால் அம்பாறை நகருக்கு அலைய வேண்டாம். பில், படம், பக்கெட் மூன்றையும் காட்டுங்கள். பக்கெட்டைத் திறக்காமல், வேறு பையில் கட்டி, ஃபிரீசரின் அடித்தட்டில் "தொடாதே" என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இல்லாத நேரம் ஒருவன் எடுத்து அடித்துக் கொடுத்துவிடுவான்.

ஒன்று கேட்க மறந்தேன். கோப்பைக்கும் ஜூஸுக்கும் ஐஸ் எங்கேயிருந்து?

உல்லை ஜூஸ்காரன்:

பொடியன்களிடம் கேட்டேன். ஒருவனுக்கு நோன்புப் பெருநாளைக்குப் பிறகு நாலைந்து நாள் காய்ச்சல் இருந்ததாம், மஞ்சள் இல்லை. அவனையும் ஒபிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கரண்டி இருக்கிறது, ஆனால் அவசரத்துக்குக் கையாலும் அள்ளுவார்கள் என்று இப்போதுதான் வாயைத் திறக்கிறார்கள்.

ஐஸ் பொத்துவிலில் இருந்து வருகிறது. மீன்காரருக்குப் போகும் அதே லொறிதான் எங்களுக்கும் பார் ஐஸ் இறக்கிவிட்டுப் போகும். அதற்கும் பில் இருக்கிறது சேர், கொண்டுபோகிறேன்.